புளி போட்டுத் தேய்த்த தோட்டாக் கூடுகள்

என் கணவர் உமாபதி இறந்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை. இதைப் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. இந்த வருஷம் மழை இல்லை என்பதுபோலச் சொல்கிறேன். செப்டம்பர் மாதம், ஹென்றி புராசா மெட்ரோ ரயில் நிலையத்துக்கு வெளியே பேருந்துக்காக நின்றிருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, மின்மயானம், பதினாறாம் நாள் காரியம் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றிலும் நான் நின்றேன். வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். காரியத்துக்கு வந்த ஒரு டாக்டர் வீட்டம்மா சமையலறை வாசலில் நின்று, "நெஞ்சழுத்தக்காரிதான்" என்று இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். அதில் சர்க்கரை போடவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

உமாபதி உலோகவியல் பொறியாளர், திருநெல்வேலிச் சைவப் பிள்ளை. அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்திலேயே போவார். அப்படிப்பட்ட மனுஷருக்குத் துப்பாக்கி சுடுவதில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஊருக்கு வெளியே இருக்கிற கிளப்புக்குக் காரை எடுத்துக்கொண்டு போவார். தூரத்தில் மாட்டியிருக்கும் காகிதத்தைச் சுட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார். காகிதத்தைத் தவிர வேறெதையும் அவர் சுட்டதில்லை.

"ஒரு காகிதத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? இங்க கொடுங்க, நான் கையாலயே கிழிச்சுத் தர்றேன்" என்பேன். சிரிப்பார். என் கேலிக்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

அவரிடம் இருந்தது பழைய த்ரீ நாட் த்ரீ. நம் ஊரில் கருவூல வாசலில் போலீஸ்காரர் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டாவி விட்டபடி நிற்பாரே, அந்த ஜாதி. கடையில் விற்கும் தோட்டாவில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, பேஸ்மெண்டில் உட்கார்ந்து, மறுபடி மருந்து நிரப்பி, புதுக் குண்டு செருகித் தானே தோட்டா செய்துகொள்வார்.

ஒருநாள் சாப்பிடும்போது அந்த வித்தையை எனக்கு விளக்கினார். எனக்கு ஏற வேண்டுமே, அதனால் ஜாக்கெட்டில் ஆரம்பித்தார்.

"தையல்காரன்கிட்ட அளவு ஜாக்கெட் கொடுக்கற இல்ல? சுட்ட கூடு அதுதான். துப்பாக்கியில தோட்டா உட்கார்ற அறை ஒவ்வொண்ணுலயும் ஒரு நூல் வித்தியாசம் இருக்கும். பேரு ஒண்ணு, அளவு வேற. சுடும்போது பித்தளை உப்பி அந்த அறையோட வடிவத்தை அப்படியே வாங்கிக்கும்."

உப்பிய கூட்டை மறுபடி பயன்படுத்த வேண்டுமானால், டை என்கிற எஃகு அச்சுக்குள் தள்ளி அமுக்க வேண்டுமாம். எவ்வளவு அமுக்குவது என்பதை அந்தத் துப்பாக்கியின் அறையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். போதாமல் அமுக்கினால் கூடு உள்ளே போகாது. அளவுக்கு மிஞ்சி அமுக்கினால் அறைக்குள் தொளதொளவென்று நிற்கும்; சுடும்போது அடிப்பக்கத்தில் இழுபடும். அப்படிச் சில தடவை இழுபட்ட கூட்டின் அடியில் பளிச்சென்று ஒரு மெல்லிய வளையம் தெரியும். அதைப் பார்த்த பிறகும் சுட்டால், கூடு அந்த இடத்தில் இரண்டாகப் பிய்ந்து நெருப்பும் புகையும் பின்பக்கமாகப் பாய்ந்தாலும் பாயும்.

"பின்பக்கம் யார் இருக்கா சொல்லு? சுடறவன் கண்ணு இருக்கு" என்றார். நான் அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜாக்கெட் வரைக்கும் புரிந்தது.

டையை எந்த மட்டத்தில் நிறுத்துவது என்று பார்க்க, கூட்டைச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைப்பார். கரி எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்து, டையை மயிரிழை இறக்குவார், மயிரிழை ஏற்றுவார். அதற்கு அவருக்கு உலகத்தில் வேறு நெருப்பே கிடைக்காததுபோல என் பூஜை விளக்குதான் வேண்டும். இப்படி இரண்டு டைகளைப் பொருத்தி வைத்திருந்தார். ஒன்று தம்முடைய துப்பாக்கிக்கு, இன்னொன்று அருள்நேசனுடையதற்கு.

அருள்நேசன் மட்டக்களப்புக்காரன். துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றி இறக்கும் இடத்தில் வேலை. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மனைவியோடும் மகளோடும் இருந்தான். கிளப்பில் பழக்கம். அவனிடமும் ஒரு த்ரீ நாட் த்ரீ. ஆனால் அவன் காகிதத்தோடு நிற்பவன் இல்லை. நவம்பர் பிறந்தால் கூட வேலை செய்கிற வெள்ளைக்காரர்களோடு மான் வேட்டைக்குப் போவான். அவனுக்கும் இவரே தோட்டா செய்து கொடுப்பார். தம்முடைய கூடுகளின் அடியில் சிவப்பு மையும் அவனுடையதில் நீல மையும் வைத்துப் பிரித்து வைத்திருப்பார். அவன் வந்தால் பேஸ்மெண்டுக்கு வெளிக்கதவு வழியாகவே இறங்கிப் போவான். நான் மேலிருந்து டீ அனுப்புவேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் அவன் உட்கார்ந்ததில்லை, நான் அழைத்ததும் இல்லை.

காரியம் முடிந்ததும் என் மகள் ஹம்சினி முதல் வேலையாக அந்தத் துப்பாக்கியை வீட்டை விட்டு அனுப்ப வேண்டும் என்றாள். பாலிடெக்னிக் கல்லூரிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்து பதினான்கு பெண்களைச் சுட்டுக் கொன்ற குளிர்காலத்தில் அவள் இதே ஊரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் துப்பாக்கி இருக்கிற வீட்டில் அதற்குப் பிறகு அவள் சரியாகத் தூங்கியதில்லை. போலீஸுக்குப் போன் செய்தாள். இரண்டு பேர் வந்தார்கள். துப்பாக்கியையும், செய்து வைத்திருந்த தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டார்கள். உருக்கிவிடுவோம், சம்மதமா என்று கேட்டார்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டுப் போட்டேன். யாரோ மறந்துவிட்டுப் போன குடையைத் திருப்பிக் கொடுப்பதுபோல இருந்தது. ஹம்சினி மறுநாள் தான் இருக்கும் கல்கரிக்கு விமானம் ஏறினாள்.

வீட்டில் தனியாக இருந்தேன். சாவு விழுந்த வீடு; காரியம் ஆன கையோடு பாத்திர பண்டமெல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். ஷான் தலோன் தெருக் கடையில் வாங்கி வைத்திருந்த புளியைக் கரைத்து உப்புப் போட்டு, குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம், தூபக்கால் எல்லாவற்றையும் தேய்த்தேன். தேய்க்கும்போது ஒன்றும் தோன்றாமல் இருந்தது நன்றாக இருந்தது. அதனால் தேய்க்க இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று வீடு முழுக்கத் தேடினேன். பேஸ்மெண்டில் அவர் அலமாரியில் பட்டர் பிஸ்கட் வருகிற நீல டப்பாக்கள் மூன்று இருந்தன. ஊசி நூல் இருக்கும் என்று திறந்தேன். மூன்றிலும் பித்தளைக் கூடுகள், கரியும் புகையுமாக. என் விளக்கில் பிடித்த கரி.

பித்தளை கறுத்துக் கிடந்தால் என் கை சும்மா இராது. மூன்று டப்பாவையும் ஒரே பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டிப் புளித்தண்ணீரில் ஊற வைத்தேன். பிறகு ஒவ்வொன்றாக நாரால் தேய்த்தேன். அடியில் ஏதோ மை இருந்தது. அது போகிறவரைக்கும் விடவில்லை. இரண்டு நாள் அதே வேலை. துடைத்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் துண்டு விரித்துக் காய வைத்தேன். தங்கம் மாதிரி மின்னின. கல்யாண வீட்டுக்கு எடுத்து வைத்ததுபோல எல்லாம் ஒரே நிறம். இத்தனை நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியம் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் கடைசியில் அருள்நேசனுக்குப் போன் செய்தேன். அவர் இருந்திருந்தால் வேட்டைக்கு முன்னால் அவனுக்குத் தோட்டா போட்டுக் கொடுத்திருப்பார். அவர் இல்லை, சாமான்களாவது போகட்டும் என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தான். இந்தத் தடவை முன்வாசல் வழியாக வரச் சொன்னேன். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான்.

இரண்டு டைகளையும், அமுக்குகிற கருவியையும், ஒரு துணிப்பை நிறையக் கூடுகளையும் கொடுத்தேன். பையைத் திறந்து பார்த்தான். ஒன்றை எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தான். இன்னொன்றையும் பார்த்தான்.

"கழுவினீங்களா அக்கா?"

"ஆமா. எல்லாத்தையும் புளி போட்டுத் தேய்ச்சேன். ஒரே கரியா இருந்துது."

அவன் கூடுகளைத் திரும்பப் பைக்குள் போட்டான். பிறகு, "ஓம். நல்ல வடிவா மினுங்குது" என்றான். "சேர்ட துவக்கு எங்க அக்கா?" உமாபதியை அவன் 'சேர்' என்றுதான் கூப்பிடுவான்.

"போலீஸ்ல கொடுத்தாச்சு. உருக்கிடுவாங்களாம்."

தலையை ஆட்டினான். பையின் வாயைச் சுருக்கிக் கட்டினான். "சேர் பொருத்தி வெச்ச டை இது. இந்த முறையும் சேர்ட தோட்டாவோடதான் காட்டுக்குப் போவன்" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அதில் மகிழ்ச்சியும் இல்லை, துக்கமும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மோர் சாதம் சாப்பிட்டேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம், கிளப் செயலாளர் மெஸ்யூ ரொஷோன் போன் செய்தார். வயதானவர். ஆங்கிலத்தைப் பிரெஞ்சுபோலப் பேசுவார். துக்கம் விசாரித்தார். கிளப் எப்படி வெறிச்சென்று இருக்கிறது என்றார். நானும் "மெர்ஸி, மெர்ஸி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டார். கிளப்பில் பழைய பித்தளை சேர்க்கிறார்களாம். சுடுவதற்கு இனி உதவாத கெட்ட கூடுகளை உமாபதி தனியாக ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாராம். அடியில் வளையம் விழுந்தவை, அவருடையவும் அந்தத் துறைமுக நண்பருடையவும். கொண்டுவந்து தருகிறேன் என்று எப்போதும் சொல்வாராம், எப்போதும் மறந்துவிடுவாராம். அந்த நீல டப்பாவை அனுப்ப முடியுமா?

மூன்று டப்பாக்கள். நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, மூன்றாவது அது. மூன்றையும் ஒரே தொட்டியில் கொட்டியவள் நான். வளையத்தையும் சேர்த்துத் தேய்த்து மின்ன வைத்தவள் நான். அன்றைக்கு ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டதெல்லாம் இப்போது ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. சுடறவன் கண்ணு இருக்கு.

அருள்நேசன் வீட்டுக்குப் போன் செய்தேன். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், லைன் கிடைக்கவில்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் அப்படித்தான். சனிக்கிழமை வேட்டை தொடங்குகிறது, வெள்ளிக்கிழமை வேலை முடிந்த கையோடு காட்டுக்குக் கிளம்புவார்கள் என்று உமாபதி ஒவ்வொரு வருஷமும் சொல்லக் கேட்டிருக்கிறேன். கார் வாசலில் நின்றது. எனக்கு ஓட்டத் தெரியாது. அவருடைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, லக்காடி சாலை வழியாகப் போகும் பேருந்தைப் பிடித்தேன்.

பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒருவனுடைய கண்ணை நான் புளியும் உப்பும் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பொடிப்பனி விழுந்துகொண்டிருந்தது. ஒரு பெண் கார்தெரி என்கிற குழந்தைக் காப்பகத்திலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஏறினாள். அந்தக் குழந்தை என் காலையே பார்த்தது. குனிந்து பார்த்தேன், வீட்டுச் செருப்போடு வந்திருக்கிறேன். குளிர்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

அவன் வீட்டை எனக்கு வெளியிலிருந்துதான் தெரியும். ஒருமுறை உமாபதி எதையோ கொடுக்க மேலே போனபோது நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். தெப்பனர் என்று இங்கே சொல்கிற மூலைக்கடை ஒன்றுக்கு மேலே இரண்டாவது மாடி. தெருவிலிருந்தே ஏறுகிற இரும்புப் படி, பனியில் வழுக்கியது. மணியை அழுத்தினேன். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண் கதவைத் திறந்தாள். அவன் மகள் கஜந்தியாக இருக்க வேண்டும். "பொன்ஜூர்" என்றாள். பிறகு என் சேலையைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஆரோ வந்திரிக்காங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

அருள்நேசன் இன்னும் போயிருக்கவில்லை. கூடத்தில் தூங்கும் பை, பூட்ஸ், ஆரஞ்சு நிற மேலங்கி எல்லாம் கட்டிவைத்துக் கிடந்தன. சமையலறை மேசையின் ஓரத்தில் உமாபதியின் கருவி திருகி மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில், நான் தேய்த்த பித்தளை, குண்டு செருகி வரிசையாக நின்றது. அடுப்பில் அவன் மனைவி மனோகரி பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"அதைச் சுடாதீங்க" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவன் எழுந்து நின்றான். "என்ன அக்கா, இந்தப் பனிக்குள்ள? இரிங்க முதல்ல."

"மூணு டப்பா இருந்துது. ஒண்ணுல கெட்டதெல்லாம் போட்டு வச்சிருந்தாராம். வளையம் விழுந்தது. நான் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டித் தேய்ச்சுட்டேன். அதுலயும் இருக்கு. எதுன்னு தெரியாது."

அவன் மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தான். "கழுவினதில மை அழிஞ்சு போச்செண்டு கண்டன். அது பரவால்ல எண்டு, ஒவ்வொண்டா என்ட துவக்குக்குள்ள போட்டுப் பாத்தன். லேசா மூடினதெல்லாம் என்ட, இறுகினதெல்லாம் சேர்ட எண்டு பிரிச்சன். வளையமும் பாத்தன் அக்கா. ஒண்டிலயும் இல்ல."

"எப்படி இருக்கும்? நான்தான் தேய்ச்சுட்டேனே."

"கெட்டதைச் சேர் கிளப்புக்குக் குடுத்திட்டார் எண்டெல்லோ நினைச்சன்" என்று மெதுவாகச் சொன்னான். அவனுடைய துப்பாக்கியில் சுட்டுக் கெட்டுப்போன கூடும் அவன் துப்பாக்கிக்குள் லேசாகத்தான் போகும். அவன் சோதனையில் அது தெரிய வழியே இல்லை. எனக்குப் புரிவதற்கு முன்பே மனோகரிக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை நிறுத்திவிட்டு வந்து அவனுக்குப் பின்னால் நின்றாள்.

"நான் எண்டா கெட்டதுர வாயைக் குறட்டால நசுக்கிப் போட்டுத்தான் எறிவன்" என்றான் அருள்நேசன். "சேருக்கு மனம் வராது."

வராதுதான். கிழிந்த பனியனை மடித்து வைப்பார். தீர்ந்துபோன பேனாவைத் திருப்பி மேசைக்குள் போடுவார். ஒன்றையும் எறியாமல் சேர்த்துவைத்து, கடைசியில் அதையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார். செப்டம்பருக்குப் பிறகு முதல்தடவையாக எனக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது.

அவன் ஒவ்வொரு தோட்டாவாக, சுத்தியல் போன்ற ஒரு கருவியில் மாட்டி மரக்கட்டையில் தட்டினான். குண்டு கழன்றது, மருந்து கொட்டியது. மகளை அடுத்த அறைக்குப் போகச் சொன்னான். கீழே அவனுடைய கூட்டாளிகள் வேனில் வந்து ஹாரன் அடித்தார்கள். மனோகரி ஜன்னலைத் திறந்து, கையால் போகச் சொல்லிக் காட்டிவிட்டு மூடினாள். அவனிடம் கேட்கவில்லை. அவனும் நிமிரவில்லை.

கடைசித் தோட்டாவும் கழன்ற பிறகு, மனோகரியின் தலையில் இருந்த கொண்டை ஊசி ஒன்றை வாங்கி நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கிபோல வளைத்தான். அதைக் கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே இழுத்தால், உட்பக்கம் இழுபட்டிருக்கிற இடத்தில் நுனி தட்டும் என்றான். வெளியே தேய்க்கலாம், உள்ளே யாரும் தேய்க்க முடியாதே. அவன் இழுத்தான், மனோகரி இழுத்தாள், நானும் ஒரு ஊசி வாங்கி இழுத்தேன். மூன்று பேரும் மொச்சை உரிக்கிறவர்கள்போல மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்த வீட்டுக்குள் வந்து முதல்தடவையாக எனக்குக் கால் குளிர்ந்தது.

ஒன்றில் என் ஊசி நின்றது. மறுபடி இழுத்தேன். அதே இடத்தில் சின்னப் பள்ளம், சுற்றிவர.

"இது" என்றேன்.

அவன் வாங்கிப் பார்த்தான். வெளியே ஒன்றுமில்லை, என் குத்துவிளக்கைப்போல மின்னியது. குறட்டை எடுத்து வாய்ப்பக்கத்தைப் பிடித்து லேசாக வளைத்தான். அடிப்பாகம் பிஸ்கட்போல உடைந்து மேசையில் உருண்டது.

நாளை விடிந்ததும் அவன் துப்பாக்கியைக் கன்னத்தோடு வைத்து அதைச் சுட்டிருப்பான். "யேசுவே" என்றாள் மனோகரி. அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றதையும் உற்றுப் பார்த்தாள். ஏதோ தூசு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். பார்க்க எனக்கு முகம் இல்லை, அவ்வளவுதான் தோன்றியது.

அதற்குப் பிறகும் சில கெட்டவை அகப்பட்டன. எல்லாவற்றின் வாயையும் அவன் நசுக்கினான். நல்லவற்றை ஒரு டப்பாவில் போட்டு மூடினான். இந்த முறை கடைத் தோட்டா வாங்கிக்கொண்டு நாளைக்குப் போகிறேன் என்றான். மனோகரி எனக்கு ஒரு தட்டில் பிட்டு வைத்தாள். சாப்பிட்டேன். காரியம் முடிந்தது, கிளம்ப வேண்டியதுதான் என்று எழுந்தபோது, சுவரோரம் அந்தத் துணிப்பை இன்னும் பாதி நிறைய இருப்பதைப் பார்த்தேன்.

"அதுல என்ன?"

"அது சேர்ட அக்கா. என்ட துவக்குக்குள்ள போகாம இறுகினது. அதையும் ஊசி விட்டுப் பாத்திட்டன், நீங்க சாப்பிடக்குள்ள. கெட்டது நாலஞ்சு இருந்திச்சு, எடுத்து நசுக்கிட்டன். மிச்சமெல்லாம் நல்லதுதான், ஒரு குறையும் இல்ல." பையைத் தூக்கி மேசையில் வைத்தான். "ஆனா அது சேர்ட துவக்குக்கு அளவானது. வேற ஒண்டுக்கும் சரி வராது."

"அந்தத் துப்பாக்கிதான் இல்லையே."

"ஓம்." கொஞ்சம் யோசித்தான். என்னைத் தேற்ற நினைத்தான் என்று இப்போது தெரிகிறது. "நீங்க யோசிக்காதீங்க அக்கா. டையைக் கடைசி மட்டும் இறக்கி நல்லா அமுக்கினா என்ட துவக்குக்கும் போகும். கன காலம் தாங்காதுதான், ஆனா சும்மா கிடக்கிறதுக்கு அது பரவால்லயே."

கையை விட்டு ஒரு கூட்டை எடுத்துக் கருவியில் பொருத்தினான். கைப்பிடியில் கை வைத்தான்.

"வேணாம்" என்றேன். அந்தச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அடுத்த அறையிலிருந்து கஜந்தி எட்டிப் பார்த்தாள். "அமுக்காதீங்க. அதை எடுங்க அதுலேர்ந்து."

அவன் எடுத்துவிட்டான். கூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியைப் பார்த்தான். மனோகரி என் தோளைத் தொட்டாள்.

"சரி அக்கா, அமுக்க மாட்டார். அப்ப இதையும் வாயை நசுக்கி எறியட்டா? கிடந்தா பேந்தும் கலந்து போகும்."

"எதுக்கு எறியணும்?" என்றேன். பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. "இதுங்க மேல ஒரு குறையும் இல்லையே. இதுங்க என்ன தப்புப் பண்ணுச்சு? போறதுக்குத்தான் ஒரு இடம் இல்ல."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. மின்மயானத்தில் வராதது, முன்னால் பின்னால் தெரியாத அந்தச் சமையலறையில், அவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு உட்கார்ந்திருந்தபோது வந்தது. என்ன மனுஷர் நீங்கள், என்னை இப்படி விட்டுவிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று சத்தமாகவே கேட்டேன். மனோகரி பையை என் மடியிலிருந்து எடுக்க முயலவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.